ஹலோ சொல்ல வேண்டியவர் யார்

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் அது இருந்தது. மற்றபடி அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார். டாக்ஸி நிலையத்தில் போன் எடுக்கிற ஆள் அவர். மணி அடித்ததும் எடுத்து, "ஹலோஓ... சொல்லுங்க" என்பார். அந்த ஓகாரத்தை அவர் இழுக்கிற இழுப்பில், கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவருக்கு வண்டி பாதி தூரம் வந்துவிட்டதுபோல் இருக்கும். வண்டி உண்மையில் கிளம்பியே இருக்காது. அது வேறு விஷயம்.

டிரைவர்கள் அவரை ஹலோ அண்ணன் என்றார்கள். அவர் மனைவி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிற மேசையில் இருந்தாள். அவளுக்கும் அண்ணி என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நூலகத் தலைவர்கூட, "அண்ணி, அந்த மூணாவது அலமாரி சாவி எங்கே?" என்றுதான் கேட்பார். அவருக்கு இவளைவிட வயது அதிகம்.

குரல் கரகரக்க ஆரம்பித்தபோது அண்ணன் அதையும் வேடிக்கையாக்கினார். "வயசானா எல்லாருக்கும் முடி கொட்டும். எனக்குக் குரல் கொட்டுது" என்றார். ஆறு மாதம் கழித்து டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டி, கட்டி பரவியிருக்கிறது, குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று சொன்னபோது, அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்புறம் போன் எடுக்கலாமா டாக்டர்?"

டாக்டர் அண்ணியின் பக்கம் திரும்பினார். அண்ணி, "முதல்ல எடுக்க வேண்டியதை எடுங்க. போனை அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். கழுத்தின் அடியில், சட்டையின் முதல் பொத்தான் இருக்கும் இடத்தில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. மூக்கு சும்மா அலங்காரத்துக்கு என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்த முதல் நாள் அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள். அவர் வழக்கம்போல் ஊதிக் குடிக்கப் போனார். உதடு குவிந்தது, காற்று வரவில்லை. கழுத்துத் துணிதான் படபடத்தது. இரண்டு பேரும் அந்த டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அண்ணி குனிந்து அவருக்காக ஊதினாள். அவர் சிரித்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

பேச வேண்டியதை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் சீக்கிரம் வா. மூன்று தட்டு என்றால் ஒன்றுமில்லை, சும்மா தட்டிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் ஒருத்தி இருந்தாள். கண்டிப்பானவள். குரல்வளை இல்லாமலும் பேசலாம் என்றாள். "காத்தைக் கொஞ்சம் முழுங்கணும். வயித்துக்குப் போக விடக் கூடாது. உடனே ஏப்பமா மேலே கொண்டு வரணும். அந்த ஏப்பத்தை வாய்ல பிடிச்சுச் சொல்லா மாத்தணும். அவ்வளவுதான்."

அண்ணிக்கு வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. "கல்யாணமான நாள்லேருந்து நாலு பேர் எதிர்ல ஏப்பம் விடாதீங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டவ நான். இப்போ உக்காந்து ஏப்பம் விடுங்கன்னு கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேண்டாம்மா. விட்டா கை தட்டுங்க."

அப்படியாக அந்த வீட்டில் ஏப்பக் கச்சேரி தொடங்கியது. சோடா பாட்டில்கள் வரிசையாக வந்து இறங்கின. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சாருக்கு ஜீரணக் கோளாறா?" என்று விசாரித்தாள். "இல்லம்மா, பாடம் படிக்கிறார்" என்றாள் அண்ணி. அந்த அம்மாள் அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காலை, சட்டை மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் முதுகுக்குப் பின்னால், தகரத்தில் கல் விழுந்ததுபோல் ஒரு "பா". அவள் சட்டையைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். பிறகு "டா" வந்தது. "கா" வந்தது. வாய்க்குள் அடைத்துத் திறக்கிற எழுத்துகள் எல்லாம் நன்றாக வந்தன. தட்டு, கட்டு, பத்து, பாட்டு. முதலில் வந்த முழு வாக்கியம், "டீ குடு". "இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசினது என்னை வேலை வாங்கத்தானா?" என்று கேட்டுக்கொண்டே அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

வராத எழுத்து ஒன்று இருந்தது. அது ஹ.

டீச்சர் காரணம் சொன்னாள். "நெஞ்சுலேருந்து காத்து வாய் வழியா வெளியே வந்தாத்தான் ஹ. உங்களுக்கு அந்த வழி அடைச்சாச்சு. டீயை ஊத முடியாதில்ல? அதே கதைதான். விட்டுடுங்க. ஹ இல்லாம எத்தனையோ வார்த்தை இருக்கு."

அண்ணன் தலையை ஆட்டினார். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பயிற்சி செய்தார். வெளியே நின்ற அண்ணிக்குக் கேட்டதெல்லாம் ஒரு நீண்ட வெறுமை, அதன் வாலில் ஒரு "லோ".

இத்தனையும் நடக்கும்போது நிலையத்தில் அவர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அப்பா விட்டுப்போன தொழிலை நடத்துகிற முதலாளியம்மா அதில் வேறு ஆளைப் போடவில்லை. டிரைவர்களே முறை வைத்துப் போன் எடுத்தார்கள். ஒரே வீட்டு வாசலில் இரண்டு வண்டி போய் நிற்கும். வண்டி கேட்ட இன்னொருவர் மாலை வரை வாசலிலேயே நிற்பார். கடைசியில் முதலாளியம்மா வீட்டுக்கே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள்.

"அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இனிமே தாங்காது. ஒரு பையனைப் பேசி வெச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி வர்றான். அதுக்குள்ள நீங்க வந்து உக்காந்து காட்டினா, நாற்காலி உங்களது. இல்லைன்னா கணக்கு எழுதுற இடத்துல உக்காருங்க. சம்பளம் குறையாது."

அண்ணன் சிலேட்டை எடுக்கவில்லை. "நாளைக்கு. வர்றேன்" என்றார், இரண்டு ஏப்பத்தில். முதலாளியம்மா அசந்துபோனாள்.

அண்ணிக்குத் தெரியும், கணக்கு மேசையில் உட்கார வைப்பதும் அவரைப் படமாக மாட்டி வைப்பதும் ஒன்றுதான். அந்த மனிதர் குரலில் குடியிருந்தவர். சம்பளம் குறையாமல் இருந்து என்ன, ஆள் குறைந்துவிடுவார். ஆனால் அன்று அவளுக்குப் பயமே இல்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போதுதான், எதிர் வீட்டுக்காரருக்கும் அவர் மைத்துனருக்கும் ஏணிக்காக நடந்த சண்டையை அண்ணன் ஆதியோடு அந்தமாகச் சொல்லியிருந்தார். ஒரு சொல்கூட அவள் தவறவிடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆள் தயார் என்றே நினைத்தாள்.

மறுநாள் அவளும் கூடப் போனாள். டிரைவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் நாற்காலியைத் துடைத்தான். அண்ணன் உட்கார்ந்து, போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். மணி அடித்தது. எடுத்தார். வாய் அழகாகக் குவிந்தது. "...லோ. சொல்லுங்க."

அண்ணிக்குத் தெளிவாகக் கேட்டது. மறுமுனையில், "ஹலோ? ஹலோ? யாரும் இல்லையா?" வைத்துவிட்டார்கள்.

அடுத்த மணி. "...லோ." வைத்துவிட்டார்கள். அடுத்தவர் ஒரு பெண். "ஐயோ, யாரோ மூச்சு வாங்குறாங்க!" என்று பதறிப்போய் வைத்தாள். அதற்கடுத்தவர் கொஞ்சம் பொறுமைசாலி. "தம்பி, லைன் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"நல்லாத்தானே சொல்றார்!" அண்ணிக்கு ஆத்திரம். "ஜனங்களுக்குக் காது அடைச்சுப் போச்சா?"

முதலாளியம்மா அவள் தோளைத் தொட்டாள். "அண்ணி, நீங்க அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேக்கறீங்க. திரும்பி நின்னு கேளுங்க."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். சுவரில் ஊர் வரைபடம் மாட்டியிருந்தது. மணி அடித்தது. போனை எடுக்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு நனைந்த கதவு கிறீச்சிட்டதுபோல் ஏதோ ஒன்று. பிறகு ஒன்றுமில்லை.

ஏணிச் சண்டையை அவள் காதால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டிருக்கிறாள். அவர் உதடு அசையும் முன்பே, என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்து, பாதிச் சொல்லைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கிறாள். அவரைப் பேச வைப்பதாக நினைத்து, அவருக்காக அவளே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அண்ணன் மெல்லப் போனை வைத்தார். வைத்த போன்மேல் கை அப்படியே இருந்தது.

"ஒண்ணாம் தேதி வரைக்கும் டைம் இருக்குண்ணே" என்றாள் முதலாளியம்மா. அவள் சொன்ன விதத்தில் அந்தத் தேதி நேற்றே முடிந்துபோனது மாதிரி இருந்தது.

அன்று மாலை சிலேட்டு திரும்ப வெளியே வந்தது. அதில் ஒரே வரி. "கணக்கு மேசை."

மறுநாள் அண்ணி நூலகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அந்த ஹலோமேல்தான் என்று முடிவுக்கு வந்தாள். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்த சொல் இது? யாருக்காக முதல் எழுத்திலேயே இத்தனை காற்று? வாசகர்கள் யாரும் தொடாத கனத்த ஆங்கில அகராதி ஒன்று தனி மேசையில் கிடந்தது. சொற்கள் பிறந்து வளர்ந்த கதையையும் சேர்த்துச் சொல்கிற அகராதி. தூசியைத் தட்டித் திறந்தாள். சண்டை போடுகிறவள் எதிராளியின் பூர்வீகத்தைத் தோண்டுவதுபோல் தோண்டினாள்.

படிக்கப் படிக்க அவளுக்கு முகம் மாறியது. எழுந்து போய்த் தொலைபேசியின் வரலாறு பற்றிய ஒரு புத்தகத்தையும் எடுத்து வந்தாள். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள். ஒரு இடத்தில் மேசையைத் தட்டி, "அடப்பாவி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். நூலகத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"இந்தாங்க, ஒரு விஷயம் சொல்றேன், சிலேட்டைக் கீழே வைங்க. ஹலோன்னா என்னன்னு நினைச்சீங்க? வணக்கமா? இல்லவே இல்லை. போன் வர்றதுக்கு முன்னாடி அதை யாரும் வணக்கமாச் சொன்னதே அபூர்வமாம். அது ஒரு கூப்பாடு. வேட்டைக்குப் போறவன் நாயை ஏவுறதுக்குக் கத்துவான். ஏதாவது கண்டு திகைச்சா கத்துவான். ஹலோ, ஹல்லோ, ஹொல்லான்னு ஆளுக்கொரு மாதிரி. அதுக்கும் முன்னாடி, ரொம்ப முன்னாடி, அதோட மூலம் என்ன தெரியுமா? 'வந்து கூட்டிட்டுப் போ'ன்னு அர்த்தமாம். ஆத்தங்கரையில நிக்கிறவன், அக்கரையில இருக்கிற படகுக்காரனைப் பாத்துக் கத்துறது!"

அண்ணன் அவளையே பார்த்தார்.

"புரியுதா? வண்டி கூப்பிடுற சத்தங்க அது! டாக்ஸி கேக்கற சத்தம்!"

அவர் சிலேட்டை எடுத்து எழுதினார். "அதனால?"

"அதனாலயா? ஹலோ சொல்ல வேண்டியது யாரு? கரையில நிக்கிறவன். நீங்க படகுக்காரன். இத்தனை வருஷமா அவன் வசனத்தை நீங்க பேசிட்டு இருந்திருக்கீங்க. படகுக்காரன் எதுக்குங்க ஹலோன்னு கத்தணும்? 'இதோ இருக்கேன், எங்க போகணும்?' அவ்வளவுதானே அவன் வேலை?"

அவர் முகத்தில் அடம் இன்னும் இருந்தது. எழுதினார். "உலகமே ஹலோதான் சொல்லுது."

இதற்காகத்தானே அவள் இரண்டாவது புத்தகத்தையும் படித்தாள். "யார் சொன்னா? போனைக் கண்டுபிடிச்ச மனுஷனே ஹலோ சொல்லலை. கப்பல்காரங்க கூவுற 'அஹாய்'தான் சொல்லணும்னாராம். இன்னொரு விஞ்ஞானிதான் ஹலோன்னு ஆரம்பிச்சு வெச்சார். அது ஒட்டிக்கிச்சு. ஃபிரெஞ்சுக்காரன் ஹ-வைக் கழட்டிட்டு 'அலோ'ங்கிறான். இத்தாலிக்காரன் 'ப்ரோந்தோ'ங்கிறான், 'தயார்'னு அர்த்தம். ஸ்பெயின்காரன் 'சொல்லுங்க'ன்னு மட்டும் சொல்றானாம், உங்களை மாதிரி. யாருக்கும் வண்டி வராம இல்லை."

அண்ணன் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார் அந்தச் சொல்லை! அது ஊராரின் பொருள், தன்னுடையதில்லை என்று ஒருத்தி வந்து ஒரே மாலையில் பிடுங்கிக்கொண்டால் சும்மாவா? ஆனால் மெல்ல மெல்லத் தோள் குலுங்க ஆரம்பித்தது. கழுத்துத் துணி படபடத்தது. சிரிக்கிறார். கடைசியில் காற்றை முழுங்கி, வாயை இறுக்கித் திறந்தார்.

"டாக்ஸி!"

அண்ணி அப்போது வேண்டுமென்றே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். சுவரே பேசியதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது. ட-வும் க-வும் அவருடைய சொந்தச் சொத்து ஆயிற்றே.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. மதிய இடைவேளையில் அண்ணி நூலகத்துப் போனிலிருந்து வீட்டுக்கு அடிப்பாள். அவள் மனைவியாக அடிக்க மாட்டாள். யாரோ ஒருத்தியாக அடிப்பாள். முதல் சொல் புரியவில்லையென்றால் உடனே வைத்துவிட வேண்டும். அதுதான் விதி. ஈவிரக்கம் கூடாது.

முதல் நாள் அவள் ஒரு சிடுமூஞ்சி அம்மாளாக இருந்தாள். "ஹலோ! எவ்வளவு நேரம்யா எடுக்கிறது? மூணு பெட்டி இருக்கு, ரயிலுக்கு நேரமாச்சு!" மறுமுனையில் ஏதோ கிறீச்சென்றது. வைத்துவிட்டாள். திரும்ப அடித்தாள். "டாக்ஸி" என்பது கேட்டது, அடுத்த சொல் கேட்கவில்லை. வைத்தாள். அன்று அவள் எத்தனை முறை வைத்தாள் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் மறுநாள் அடித்திருக்க மாட்டாள்.

மாலையில் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். அண்ணன்தான் சாப்பிடும்போது ஒன்றும் தெரியாதவர்போல், "மத்தியானம். ஒரு பொம்பளை. பத்திரகாளி" என்பார்.

"எனக்கென்ன தெரியும்? நான் நூலகத்துல இருந்தேன்."

"கட் பண்ணிட்டா."

"நீங்க சரியாப் பேசியிருக்க மாட்டீங்க" என்று அவள் குழம்பை ஊற்றுவாள்.

அடுத்தடுத்த நாட்களில் அவள் காது மந்தமான கிழவர் ஆனாள், முகவரி மறந்த வெளியூர்க்காரி ஆனாள், லேசாகக் குடித்திருக்கிற கனவான் ஒருவரும் ஆனாள். அந்தக் கனவான் தன் சோகக் கதையை ஆரம்பித்தபோது அண்ணன் இடைமறித்து, "கதை அப்புறம். எங்க?" என்றார். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குடிகாரக் குரலிலேயே சிரித்துச் சமாளித்தாள்.

நூலகத் தலைவர் இதையெல்லாம் சில நாட்களாகக் கவனித்துக்கொண்டிருந்தார். அமைதிக்குப் பேர்போன அண்ணி, 'பேசாதீர்கள்' என்ற பலகையின் கீழே உட்கார்ந்து, "டேய், நான் யாருன்னு தெரியுமா?" என்று போனில் உளறுவதைப் பார்த்து அவருக்குக் கவலை வந்துவிட்டது. ஒருநாள் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "அண்ணி, வீட்ல எல்லாம் சுகந்தானே? லீவு ஏதாவது வேணுமா?" என்றார்.

அவள் உண்மையைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வேறொன்று உறைத்தது. இத்தனை நாளில் தன் காது அந்தக் குரலுக்குப் பழகிவிட்டது. முன்பு கண் செய்த மோசடியை இப்போது காது செய்கிறதோ என்னவோ!

"சார், நீங்க ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன். அவர் பேசி நீங்க கேட்டதே இல்லையில்ல?"

தலைவர் தயங்கினார். அவர் வாழ்நாளில் பொய் சொல்லி யாருக்கும் போன் செய்ததில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மேடையேறுகிறவர்போல் போனை எடுத்தார். அண்ணி தள்ளிப்போய் அலமாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டாள். அவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"ஹலோ" என்றார் தலைவர். கேட்டார். புருவம் உயர்ந்தது. "ஆமா. ஒரு வண்டி வேணும்... நூலகம்... ஆமா, மெயின் ரோட்டுல இருக்கிறது." மறுபடி கேட்டார். "இல்லை, ஒரே ஆள்தான்... பெட்டியா? பெட்டி இல்லை... பின் வாசல்னா வசதி." பிறகு, "ரொம்ப நன்றி" என்று சொல்லிப் போனை மரியாதையாக வைத்தார்.

"என்ன சொன்னார்?" என்றாள் அண்ணி, அலமாரிகளுக்கு நடுவிலிருந்தே.

"அஞ்சு நிமிஷத்துல வண்டி வருதாம்" என்றார் தலைவர். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. "அடடா, வண்டி எதுவும் வராது இல்ல?"

அண்ணி அலமாரியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அடுத்த நிமிடம், 'பேசாதீர்கள்' பலகையின் கீழேயே கைகளைத் தட்டினாள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஏன் எதற்கென்று தெரியாமல், மரியாதைக்காகத் தாங்களும் தட்டினார்கள்.

அந்தக் குரலோடு அண்ணன் பிறகு பல வருஷம் இருந்தார். அவர் போன பின்பும் அண்ணியின் காதில் தங்கியது அந்த இழுத்த ஓகாரமல்ல, இந்தக் கரகரத்த, கட்டையான, ஒவ்வொரு சொல்லாக வென்றெடுத்த குரல்தான். அதைக் கேட்டுக் கேட்டு, மற்றவர்கள் பேசுவதெல்லாம் அவளுக்குச் சும்மா கிடைத்த பொருளாகத் தோன்றும். அது பின்கதை.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கண்ணாலேயே கேட்டார், நீ வரலையா என்று.

"நான் வரலை. நான் வந்தா நீங்க எனக்காகப் பேசுவீங்க. போங்க."

"பயமா?"

"எனக்கா? நூலகத்துக்கு நேரமாச்சு" என்று குடையை எடுத்தாள். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

பத்து மணிக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. நிலையத்து எண்ணைச் சுற்றினாள். லைன் கிடைக்கவில்லை. விட்டு விட்டு அடிக்கிற அந்த ஒலி மட்டும். சரி, யாரோ பேசுகிறார்கள். ஒரு புத்தகத்தில் முத்திரை குத்திவிட்டு மறுபடி சுற்றினாள். அதே ஒலி. முத்திரை. அதே ஒலி.

"போனை எடுத்துக் கீழே வெச்சுட்டாங்களோ?" என்றார் தலைவர். ஆறுதல் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அண்ணி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். அப்படியும் இருக்கலாம். எல்லாரும் வைத்து வைத்து, அந்த மனிதர் வெறுத்துப்போய்ப் போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இன்னும் இரண்டு முறை சுற்றினாள். பிறகு எழுந்தாள். "சார், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ரோட்டுக்கு வந்தாள். தூரத்தில் அவர்கள் நிலையத்து வண்டி ஒன்று வந்தது. கையை உயர்த்தி, வாய்விட்டு, "ஹலோ!" என்று கத்தினாள். வண்டி நின்றது.

டிரைவர் புது ஆள், அவளைத் தெரியாது. அவள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள், முன்னால் இருந்த வயர்லெஸ் பெட்டி கரகரவென்று வெடித்தது.

"பதிமூணு! எங்க?"

அண்ணி முன்சீட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அது அவர் குரல்.

பதிமூணு அந்த வண்டியின் எண். டிரைவர் பெட்டியை எடுத்தான். "அண்ணே, நூலகத்துக்கிட்ட. வழியில ஒருத்தங்க ஏறியிருக்காங்க."

"கடைத்தெரு! பத்து நிமிஷமா! காத்திருக்காங்க! டீ குடிச்சியா?"

"இல்லண்ணே, டிராபிக்..."

"பொய்!"

டிரைவர் பெட்டியை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பாருங்கம்மா, காலையிலேருந்து இதே பாட்டு. இந்த அண்ணன் லீவுல இருந்தவரைக்கும் நாங்க ராஜா. இன்னைக்கு ஒரு டீ குடிக்க விட மாட்டேங்கிறார்."

"வண்டி கேக்கறவங்க... போன்ல... வைக்காம பேசறாங்களா?"

"ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு பேரு வெச்சாங்க. உடனே திருப்பி அடிச்சாங்க. வண்டி வேணுமில்ல? அப்புறம் பழகிட்டாங்க. சொல்லப்போனா இதுதாம்மா வேகம். முன்னல்லாம் ஹலோஓன்னு இழுப்பாராமே, சௌக்கியமான்னு கேப்பாராமே, பழைய டிரைவருங்க சொல்றாங்க. இப்போ 'டாக்ஸி. எங்க?' முடிஞ்சுது. மூச்சு விட நேரம் இல்லை எங்களுக்கு." அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "இதுல தமாஷ் என்னன்னா, நாளைக்கு அந்த இடத்துக்கு ஒரு பையன் வர்றதா இருந்துச்சு. முதலாளியம்மா அவனுக்குப் போன் போட்டு, 'வராதேப்பா'ன்னு சொல்லணும்னு ஒன்பது மணியிலேருந்து பக்கத்துலயே நிக்கிறாங்க. லைன் கிடைச்சாத்தானே? அண்ணன் போனைக் கீழே வைக்கவே விட மாட்டேங்கிறாங்க ஜனங்க!"

டிரைவர் திரும்பிப் பார்த்தான். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கம்மா போகணும்?"

"எங்கயும் வேண்டாம்ப்பா" என்று அண்ணி கதவைத் திறந்து இறங்கினாள். "நீ கடைத்தெருவுக்குப் போ. சீக்கிரம் போ. பத்து நிமிஷமாக் காத்திருக்காங்களாம்."